க்ரேஸுக்கு நான் கொடுத்த மெமோ

போன பங்குனியில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் ஹாலில் உங்களில் இருபது பேரை உட்கார வைத்து என்னைப் பேசச் சொன்னார்கள். அருவியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதனால்தான் ஹால் வாடகை குறைவு, அதனால்தான் அந்தத் தேதி. இரண்டு வருஷத்துக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குத் தன்னார்வலராகப் போகப் போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு, போய்விட்டு வந்த மூத்தவள் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னேன். பிரசவ வார்டை எப்படி மாற்றினேன், கைகழுவ எப்படிப் பழக்கினேன் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினேன். நீங்களும் கை தட்டினீர்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

கடைசியில் சுரண்டைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, அங்கே நான் செய்த பெரிய தப்பு என்ன என்று கேட்டாள். ஸ்வெட்டர் எடுத்துப் போகாததுதான் என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். பஸ் ஏறித் தென்காசி வந்து சேர்கிற பதினைந்து நிமிஷத்துக்குள் எனக்கே என்மேல் எரிச்சல் வந்துவிட்டது. தோளில் பொன்னாடை இருக்கும்போது உண்மை பேச வராது. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் என் இடுப்புச் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிச் சுற்றுவட்டாரத்து அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். முதல் வருஷம் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். செங்கோட்டைக்காரர், பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். ஊசி போடுவதற்கு முன்னால் அவர் கற்றுக்கொடுத்தது சாவிக்கொத்தை இடுப்பில் செருகுவது. "சாவி இல்லாத சிஸ்டர் சிஸ்டரே இல்ல மோளே, அவ வெறும் ஆயா" என்பார். ஆயாக்கள் காதில் விழும்படியே சொல்லுவார். அவர்கள் பின்னால் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் குற்றாலத்தில் நல்ல சீசன். சீசன் என்றால் ஊருக்குச் சாரல், எங்களுக்குக் கேஷுவாலிட்டி. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாறையில் வழுக்கியவர்கள் சனி ஞாயிறில் வரிசையாக வருவார்கள். ஸ்ட்ரெச்சரில் பிடித்துப் படுக்க வைப்பதே பாடு. எண்ணெய் உடம்பில் பிளாஸ்டர் ஒட்டாது, குளுக்கோஸ் ஊசியை ஒருத்தி பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் களேபரத்தில் ஒரு பிரஷர் மெஷின் காணாமல் போயிற்று. கணக்கில் வராததால் பெரிய சிஸ்டரின் ஓய்வூதியக் காகிதங்கள் நகரவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்த அம்மாள், குடையும் கையுமாக ஒரு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் மெஷின் கிடைத்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் திறக்கிற அலமாரியில், அவரே பத்திரமாகப் பூட்டி வைத்த இடத்தில், அப்படியே இருந்தது.

இதிலிருந்து ஒரு மனுஷி என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? நான் கற்றுக்கொண்டது, இன்னும் நன்றாகப் பூட்ட வேண்டும் என்று. முப்பத்துநாலு வருஷத்தில் என் வார்டில் ஒரு கத்தரிக்கோல் தொலைந்ததில்லை. அந்தப் பெருமையோடு ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றேன். மகன் பெங்களூரில். வீட்டுக்காரர் போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர், சுரண்டைப் பக்கத்துப் பூர்வீக வயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் எனக்குப் பூட்டித் திறக்க ஒன்றும் இல்லை. விண்ணப்பம் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மலைமேல் ஒரு சின்ன ஊர். நாட்டின் பெயர் வேண்டாம், அங்கேயும் ஃபேஸ்புக் இருக்கிறது. நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி, ஒரே ஒரு டாக்டர். எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் ஆலோசகர். ஆலோசகர் என்றால் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாமல் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கலாம் என்று அர்த்தம்.

போன முதல் நாளே என் கண்ணை உறுத்தியது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசின். பிரசவ அறை வாசலில் ஆணியில் தொங்கும். குழந்தை பெற்றவளுக்கு ரத்தம் நிற்காமல் போனால் அவசரத்துக்கு வேண்டிய மாத்திரை, ஊசி, குளுக்கோஸ், டியூப் எல்லாம் அதில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்தவர் மறுபடி நிரப்பி வைக்க வேண்டும். எழுத்து கிடையாது, ரெஜிஸ்டர் கிடையாது. அடப்பாவிகளா, இது ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா என்று நினைத்தேன். அந்தப் பேசினால் அதுவரை என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

பேசினை இறக்கினேன். மூலையில் சும்மா நின்ற இரும்பு அலமாரியைத் துடைத்துப் பெயிண்ட் அடித்து, எல்லாவற்றையும் அதில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. பிறகு என் பெட்டியிலிருந்து திண்டுக்கல் பூட்டை எடுத்துப் பூட்டினேன். ஆமாம், தென்காசியிலிருந்து பூட்டு வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறியிருந்தேன். ஸ்வெட்டர்தான் எடுத்துப் போகவில்லை. ஒரு சாவி என் இடுப்பில், இன்னொரு சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று என் அறைப் பெட்டியில். டாக்டர் பெண் அலமாரியைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது சிஸ்டர், ஆனால் நீங்கள் இல்லாதபோது?" என்று கேட்டாள். நான் எங்கே போகப் போகிறேன் என்றேன்.

இப்போது க்ரேஸ். அந்தப் பிரசவ அறையின் ஆயா. பதினாலு வருஷமாகத் தற்காலிகப் பணி. வருஷா வருஷம் பெயரைப் புதுப்பிப்பார்கள், நிரந்தரம் ஆக்க மாட்டார்கள். அந்த வருஷம்தான் ஒரு காலியிடம் வந்து, அவளை நிரந்தரம் ஆக்கலாமா என்று முடிவு செய்யக் கமிட்டி கூடுவதாக இருந்தது. ஐம்பது வயது தாண்டினால் நிரந்தரம் கிடையாது என்பது அங்கத்து விதி. க்ரேஸுக்கு நாற்பத்தொன்பது. அந்தக் கமிட்டியை விட்டால் அவளுக்கு வேறு கமிட்டி இல்லை. இதை அவளே எனக்குச் சொல்லியிருந்தாள், கொஞ்சம் ஆங்கிலத்தில், மீதி விரல் விட்டு எண்ணி. நிரந்தரம் ஆனால் வீட்டுக்குத் தகரக் கூரை போட வேண்டும் என்பது அவள் கணக்கு.

கமிட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு புதன்கிழமை, விசா புதுப்பிக்க நான் மாவட்டத் தலைநகருக்குப் போனேன். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அலுவலகத்தில் போனைச் சத்தம் இல்லாமல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். வேலை முடிந்து பார்த்தால் ஆஸ்பத்திரி எண்ணிலிருந்து ஏழு மிஸ்டு கால். திருப்பி அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. மலை ஏறின பிறகு சிக்னலும் இல்லை. என்னமோ ஏதோ என்று பதறிக்கொண்டுதான் வந்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு மணிக்கு வந்து இறங்கினதும் நான் பார்த்தது அலமாரியை.

கதவு தனியாகக் கழன்று சுவரில் சாய்ந்து நின்றது. கீல் பக்கம் இரும்பு கிழிந்திருந்தது. திண்டுக்கல் பூட்டு மட்டும் பூட்டினபடியே கதவோடு இருந்தது. உள்ளே நான் அடுக்கி வைத்தது எல்லாம் அலங்கோலம். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் யார் செய்தது என்று கேட்டேன். க்ரேஸ் என்றாள்.

பிள்ளைகளே, அடுத்து நான் செய்ததை நம்மூர்க்காரிதான் செய்வாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் வார்டு, எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நின்றபடியே எழுதினேன். அரசாங்க உடைமையான இரும்பு அலமாரியின் கதவைப் பெயர்த்துச் சேதப்படுத்தியதற்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை, இது கிடைத்த மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் அளிக்கவும். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கும். முப்பத்துநாலு வருஷத்துக் கை, யோசிக்காமலே ஓடியது. கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுக்கச் சொல்லி ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்தேன். மெமோ கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று அவரும் கேட்கவில்லை. சீல் வைத்தார்.

அப்புறம்தான் வார்டுக்குள் போனேன். முதல் கட்டிலில் ஒரு பெண், இருபது வயது இருக்கலாம், வெளிறிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறியது. பக்கத்தில் துணிச்சுருளில் குழந்தை. டியூட்டி நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். காலையில் பிரசவம் ஆகி ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். எனக்கு ஏழு தடவை போன் அடித்தார்கள். க்ரேஸ் சமையல்கட்டிலிருந்து கடப்பாரை எடுத்து வந்து அலமாரியைப் பெயர்த்தாள். மருந்து எடுத்தார்கள். பிழைத்தாள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உடனே ஆபீஸுக்கு ஓடினேன், அதையும் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து போகிற க்ரேஸிடம் கிளார்க் மெமோவைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டிருந்தார். நகல் அவள் ஃபைலுக்குப் போய்விட்டது. சரி போகட்டும், விளக்கம் எழுதிக் கொடுப்பாள், விளக்கம் ஏற்கப்பட்டது என்று எழுதி முடித்து வைப்போம் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு பேசினை நானே ஆணியில் மாட்டினேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து புலம்பினேன்.

"ஏட்டி, மெமோல்லாம் ஒரு விஷயமா? நான் சர்வீஸ்ல இருபத்தி மூணு மெமோ வாங்கிருக்கேன். எல்லாத்துக்கும் ஒரே விளக்கந்தான், வயித்துவலி. அவ நாலு வரி எழுதித் தருவா, நீ முடிச்சு விட்டுட்டுப் போ. இதுக்குப் போய் அழுதியே" என்றார்.

நம்மூரில் அது சரிதான். இங்கே மெமோ வாங்காதவன் வேலையே பார்க்கவில்லை என்று அர்த்தம். நானே ஒன்பது வாங்கியிருக்கிறேன். ஒன்று, கலெக்டர் வந்தபோது தொப்பி கோணலாக இருந்ததற்கு. எனக்கும் மனசு ஆறிவிட்டது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் க்ரேஸ் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவள் டீ குடிக்கிற தகர மக், செருப்பு, ஏப்ரன் எதையும் காணோம். டாக்டர் பெண் என்னைக் கூப்பிட்டு, அவளுக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நகலைக் காட்டினேன். படித்து முடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "சிஸ்டர், இந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆளுக்குக் காகிதம் கொடுப்பது ஒரே ஒரு தடவைதான். வேலையை விட்டுப் போகச் சொல்லும்போது."

அங்கே தப்பு செய்தவரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துப் பேசுவார்கள். சில சமயம் சத்தம் போடுவார்கள். எழுத மாட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி கட்டினதிலிருந்து முதல் மெமோ என்னுடையதுதான். கமிட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. ஆள் நேரில் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

நான் என்ன செய்தேன்? இன்னொரு காகிதம் எழுதினேன். முந்தைய குறிப்பாணையின்மீது மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது, உடனே பணிக்குத் திரும்பவும். எழுதினதைக் காகிதத்தாலேயே அழிக்கலாம் என்பதுதானே நம் நம்பிக்கை. வீட்டுக்காரரும் போனில் இதையேதான் சொன்னார். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்து அவள் கிராமத்துக்கு அனுப்பினேன். ஆம்புலன்ஸும் வந்து, டிரைவர் கையில் காகிதமும் இருந்தால் என்ன நினைப்பாள்? ஒரு காகிதத்துக்கு வேலை போயிற்று, இரண்டாவது காகிதத்துக்கு ஜெயில் என்று நினைத்துவிட்டாள். டிரைவரைத் தூரத்தில் கண்டதுமே சோளக்காட்டுக்குள் போனவள் வெளியே வரவில்லையாம். அவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். கிளார்க் அதிலும் சீல் வைத்து அவள் ஃபைலில் சேர்த்தார். அந்த மனுஷரை நான்தான் பழக்கியிருந்தேன், எதையும் ஃபைல் பண்ணாமல் விடக் கூடாது என்று.

செவ்வாய்க்கிழமை நானே போனேன். கையில் காகிதம் எடுத்துப் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். சந்தை வண்டியில் பாதி தூரம், மீதி நடை. மழை பெய்து வழியெல்லாம் சேறு. எனக்கு மூட்டுவலி வேறு. க்ரேஸ் வாசலில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழுந்தாள், ஸ்டூல் போட்டாள், டீ கொடுத்தாள். பால் ஊற்றாத டீ. உள்ளே புருஷன் இருமுகிற சத்தம் கேட்டது. மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மூட்டுக்கு ஏதோ இலையைக் கட்டச் சொல்லி யோசனை சொன்னாள்.

நான்தான் ஆரம்பித்தேன். தப்பு என்னுடையது, எங்கள் ஊரில் இது ஒரு பழக்கம், இதற்கு அர்த்தமே கிடையாது, நாளைக்குக் கமிட்டிக்கு வா என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் பேசினதை நம்மூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் என் மனசில் பதிந்திருக்கிறது.

"முதல்ல பூட்டத்தான் அடிச்சேன் சிஸ்டர். அடிச்சேன், அடிச்சேன், அசையல. ஒங்க ஊருப் பூட்டு நல்ல பூட்டு. பொறவுதான் கதவப் பேத்தேன். பதினோரு நிமிஷம் ஆச்சுன்னு நர்ஸம்மா சொன்னா. அந்தப் பிள்ள என் கையவே பாத்துக்கிட்டு கெடந்தா. ரத்தம் கட்டில் கால் வழியா எறங்குது. நீங்க சாயந்தரம் வந்தீங்க. வந்து கதவத்தான் பாத்தீங்க."

குரலை உயர்த்தவில்லை. சோளம் உதிர்ப்பதையும் நிறுத்தவில்லை. நான் அழுதுவிட்டேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள்.

நாளைக்கு வருவாயா என்று மறுபடி கேட்டேன்.

"எனக்கு ஒண்ணு எழுதினீங்கள்லா. அதே மாதிரி ஒங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க. எழுதி எல்லாரு முன்னாலயும் வாசிங்க. அப்ப வாரேன்" என்றாள்.

முதலில் விளையாட்டுக்குச் சொல்லுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. சரி என்றேன். வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு மெமோ எழுதியிருக்கிறேன், அரை நிமிஷம் ஆகாது. எனக்கே எழுத அன்று மூன்று தாள் கிழித்தேன். கேள்விகள் என்னவோ சுலபமாகத்தான் இருந்தன.

புதன்கிழமை கமிட்டி. மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி தலைவராக வந்திருந்தார். வயசானவர், நல்ல மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். டாக்டர் பெண், கிளார்க், நான். க்ரேஸ் வந்திருந்தாள். சர்ச்சுக்குப் போகிற பூப்போட்ட கவுன், தலையில் துணி. அவள் ஃபைலைத் திறந்த தலைவர், பதினாலு வருஷத்து ஆயாவின் ஃபைலில் இரண்டு காகிதம் இருப்பதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

நான் எழுந்து அனுமதி கேட்டு மூன்றாவதை வாசித்தேன். ரத்தப்போக்குக்கான மருந்தை ஆணியிலிருந்து இறக்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது யார்? சாவி அன்று எங்கே இருந்தது? மாற்றுச் சாவியை யாருக்கும் தெரியாமல் பெட்டியில் வைத்தது ஏன்? வார்டுக்குள் போகும் முன்பே சக ஊழியருக்குக் குறிப்பாணை எழுதியது ஏன்? மேற்படி செயல்களுக்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை மூன்று தினங்களுக்குள் அளிக்கவும். பெறுநர் என்ற இடத்தில் என் பெயர், அனுப்புநர் என்ற இடத்திலும் என் பெயர்.

தலைவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நீங்கள் விருந்தாளி, இதெல்லாம் எதற்கு என்றார். சரி, ஃபைலில் வையுங்கள் என்று கிளார்க்கிடம் நீட்டினார். கிளார்க் எந்த ஃபைலில் என்று கேட்டார். சிஸ்டர் ஃபைலில். சிஸ்டருக்கு இங்கே ஃபைல் கிடையாதே, அவர் தன்னார்வலர் ஆயிற்றே. இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு, விஷயம் சம்பந்தப்பட்டது என்பதால் கிளார்க் அதை க்ரேஸின் ஃபைலிலேயே சேர்த்துவிட்டார்.

இந்த ஒன்றை மட்டும் நீங்கள் எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரில் உங்களுக்கு ஃபைல் கிடையாது. உங்களைக் கேள்வி கேட்க அங்கே யாருக்கும் தோன்றாது, தோன்றினாலும் கேட்க மாட்டார்கள், டீ கொடுப்பார்கள். நீங்கள் செய்கிற தப்பு அங்கத்துக்காரர் யாருடைய ஃபைலிலாவது போய்த்தான் உட்காரும். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தலைவர் இப்போது ஃபைலைப் புரட்டினார். மூன்று காகிதம். ஏதோ விசாரணை நிலுவையில் இருப்பதுபோலத் தெரிகிறது, நிலுவை இருந்தால் நிரந்தரம் செய்ய விதி இல்லை, அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்றார். அடுத்த கமிட்டி ஒரு வருஷம் கழித்து. அப்போது க்ரேஸுக்கு ஐம்பது முடிந்திருக்கும்.

மெமோவால் அவளுக்கு வந்த ஆபத்தை, நான் யோக்கியமாக நடந்துகொண்டு முழுசாக்கி வைத்துவிட்டேன். எழுந்து வாதாடினேன். இது விசாரணையே இல்லை, எனக்கு அதிகாரமே கிடையாது, முதல் காகிதமே செல்லாது என்றேன். செல்லாதது என்றால் எப்படிச் செல்லாது, சீல் இருக்கிறதே என்றார் அவர். பேசப் பேசச் சிக்கல் இறுகியது. கடைசியில், வேண்டுமானால் இப்போதே இதையெல்லாம் ரத்து செய்து ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். பேனாவையும் எடுத்துவிட்டேன்.

"சிஸ்டர், தயவுசெய்து இனிமேல் ஒன்றும் எழுதாதீர்கள்" என்றார் தலைவர்.

அப்போது க்ரேஸ் எழுந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்து, டாக்டரிடம் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். அந்தக் காகிதங்கள் யார் யாருக்கு எழுதியவை என்று கேட்டாளாம். டாக்டர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சொன்னாள். முதலாவது உனக்கு. இரண்டாவதும் உனக்கு. மூன்றாவது சிஸ்டருக்கு.

க்ரேஸ் ஃபைலைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் இரண்டையும் உருவி எடுத்து, நாலாக மடித்து, கவுனுக்குள் செருகிக்கொண்டாள். தனக்கு வந்த கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கிக்கொள்வதுபோல அத்தனை இயல்பாகச் செய்தாள். முப்பத்துநாலு வருஷத்தில் ஃபைலிலிருந்து ஒருவர் காகிதம் உருவி நான் பார்த்ததில்லை. நம்மூராக இருந்தால் சஸ்பென்ஷன். அங்கே டாக்டர் ஜன்னலைப் பார்த்தாள். கிளார்க் குனிந்து, விழாத பேனாவைத் தேடினார்.

மூன்றாவதை அவள் மடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"இது ஒங்களுக்கு வந்தது. நீங்க வச்சுக்கிடுங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். தலைவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஃபைலைப் பார்த்தார். அவளுடைய விண்ணப்பம் ஒன்றுதான் இருந்தது. எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டார். பதினாலு என்று டாக்டர் சொன்னாள். கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாள் இப்போது தென்காசி வீட்டில் என் பீரோவில் இருக்கிறது. மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும் என்று கீழே நானே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆறு வருஷம் ஆகிறது. விளக்கம் எழுத நாலு தடவை உட்கார்ந்துவிட்டேன். சாவி என்னிடம்தான் இருந்தது என்று ஒரு வரி வருகிறது, அடுத்த வரி வரவில்லை.